கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது

“எக்காரணத்தைக் கொண்டும் நுழைவுக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது.”

நோட்டீசின் அடியில், இருப்பதிலேயே பொடி எழுத்தில் இந்த வரி இருக்கும். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் நடக்கும் டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட்டாக இருக்கட்டும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கும் அரை மராத்தானாக இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு கடலில் போட்டி போடும் அமெச்சூர்களின் ரெகாட்டாவாக இருக்கட்டும்... மைதானம் வேறு, விதி வேறு, ஆடுபவன் பாக்கெட்டின் கனமும் வேறு. இந்த ஒரு வரி மட்டும் எல்லோருக்கும் பொது.

எக்காரணம் என்றால் என்னென்ன காரணம்? காசு கட்டியவனுக்குக் காய்ச்சல் வந்தால் அது அவன் பாடு. பஸ்ஸைக் கோட்டைவிட்டால் அதுவும் அவன் பாடு. இதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் போட்டியே நடக்காமல் போனால்? மழை கொட்டி மைதானம் குட்டையாகிவிட்டால்? துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றி, கடலுக்குள் யாரும் இறங்கக்கூடாது என்று அறிவித்துவிட்டால்? அதுவும் அந்த ‘எக்காரண’த்தில் ஒன்றுதானாம்! ஓட்டலில் டோக்கன் வாங்கியவனிடம் “கேஸ் தீந்துபோச்சு, தோசை கிடையாது, காசும் கிடையாது” என்று சொன்னால் கல்லாவில் இருப்பவர் சட்டை கிழியாமல் வீடு போய்ச் சேர முடியுமா? விளையாட்டு என்று வந்துவிட்டால் மட்டும் எல்லோரும் “பரவால்ல சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று பெருந்தன்மையோடு கலைந்து போகிறார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் முழுக் கட்டணம்.

முதலில் கடலில் இருந்து தொடங்கலாம். (ஏரித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் தெரியாத உத்திரமேரூருக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: இங்கிலீஷ்காரனுக்குக் கட்டுமரம் என்ற சொல்லைக் கடன் கொடுத்ததே இந்தத் தமிழ்க் கரைதான். சென்னைத் துறைமுகத்தில் 1911-லிருந்து ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர். டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் போன விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர். ஆகவே சம்பந்தம் இருக்கிறது.)

மற்ற விளையாட்டுகளுக்கு வானிலை ஒரு இடைஞ்சல். பாய்மரப் படகுக்கு அதுதான் பெட்ரோல். காற்று அதிகமானாலும் போட்டி இல்லை, காற்றே அடிக்காவிட்டாலும் போட்டி இல்லை. அதனால் வானிலையைப் பற்றி மற்ற எந்த விளையாட்டுக்காரர்களையும் விட இவர்கள்தான் அதிகம் யோசித்து வைத்திருக்கிறார்கள். சிவப்பும் வெள்ளையும் செங்குத்துப் பட்டையாக உள்ள கொடி ஏறினால் போட்டி தள்ளிவைப்பு. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி ஏறினால், ஓடிக்கொண்டிருக்கும் பந்தயமே கைவிடப்பட்டது என்று அர்த்தம். மைக் இல்லை, வாக்குவாதம் இல்லை. கொடியைப் பார், திரும்பி வா. அவ்வளவுதான்.

இவர்களின் உலக விதிப்புத்தகத்தில் இன்னொரு அடிப்படை விதியும் உண்டு. போட்டியில் கலந்துகொள்வதா வேண்டாமா, தொடர்வதா திரும்புவதா என்று முடிவெடுக்கும் பொறுப்பு அந்தந்தப் படகுக்கே உரியது. படித்தால் மிக நியாயமாகத் தோன்றும். படகின் நிலைமை படகோட்டிக்குத்தானே தெரியும்? தன் உயிருக்குத் தானே பொறுப்பு, சரிதான்.

அந்த விதியோடு நோட்டீசின் பொடி எழுத்து வரியைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். இறங்குவதா வேண்டாமா என்பது உன் முடிவு. ஆனால் இறங்காவிட்டால் உன் காசு போச்சு! காலையில் கரையில் நின்று, தெற்கே கறுத்து வரும் வானத்தைப் பார்த்து, “இன்னைக்கு வேண்டாம்” என்று சொல்லும் புத்திசாலிக்கு அபராதம். “பாத்துக்கலாம்” என்று தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு ஒன்றுமில்லை. பொறுப்பை ஒருவன் தலையில் வைத்துவிட்டு, அந்தப் பொறுப்போடு நடந்துகொண்டால் அவன் பையிலிருந்தே காசைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

வணிகவியல் பாடத்தில் இதற்கு ‘மூழ்கிய செலவு’ என்று பெயர். (படகுக்காரனிடம் சொல்லக்கூடாத பெயர்தான், என்ன செய்வது.) போன காசு போனதுதான், அதை நினைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்று புத்தகம் சொல்லும். பரீட்சையில் எல்லோரும் அப்படியே எழுதி முழு மார்க் வாங்குவார்கள். ஆனால் டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று மொக்கைப் படத்தைக் கடைசி வரை உட்கார்ந்து பார்க்காத மனிதன் யார்? மொக்கைப் படத்தில் போவது இரண்டரை மணி நேரம். கடலில்?

1979 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. நடுவழியில் புயல். போட்டி போட்டவர்களில் 15 பேர் இறந்தார்கள். பந்தயத்தை முடித்தவை 86 படகுகள் மட்டுமே. 1998-ல் சிட்னி–ஹோபார்ட் பந்தயம். டிசம்பர் 26 அன்று 115 படகுகள் கிளம்பின, ஹோபார்ட் போய்ச் சேர்ந்தவை 44. ஆறு பேர் பலி. பிறகு நடந்த மரண விசாரணையில் பந்தயத்தை நடத்திய கிளப்பின் நிர்வாகம் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. ‘முடிவு படகினுடையது’ என்ற விதிக்குப் பின்னால் கரையில் இருப்பவர்கள் எவ்வளவு தூரம் ஒளிந்துகொள்ளலாம் என்ற கேள்வி அப்போதுதான் உரக்கக் கேட்கப்பட்டது.

தரையிலும் இதே கதைதான். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். ஓடியவர்கள் 172 பேர். திடீரென்று ஆலங்கட்டி மழை, உறையவைக்கும் காற்று. அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனுமாக ஓடிக்கொண்டிருந்த 21 பேர் குளிரிலேயே இறந்துபோனார்கள். காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயப் பொருட்களின் பட்டியலில் இல்லை. அதே சமயம், ஓடி முடிப்பவர்களுக்கு 1,600 யுவான் என்று அறிவித்திருந்தார்கள்!

இவையெல்லாம் நுழைவுக் கட்டணத்தால் நிகழ்ந்த சாவுகள் என்று சொன்னால் அது பொய். புயலால் நிகழ்ந்தவை. ஆனால் புயலுக்கு முன்னால் நிற்கும் ஒருவனின் காதில் பணம் என்ன சொல்கிறது என்பது முக்கியம். “போ” என்று சொல்கிறதா, “நில்” என்று சொல்கிறதா? இன்றைய நோட்டீஸ்களில் அது “போ” என்று மட்டுமே சொல்கிறது.

“சார், புயல் எங்க கையிலயா இருக்கு? அது கடவுள் செயல்!” என்பார்கள் ஏற்பாட்டாளர்கள். சரி, கடவுளின் காலண்டரைக் கொஞ்சம் புரட்டலாம். 2015 டிசம்பர் பெருவெள்ளம். 2016 டிசம்பர் 12 வர்தா. 2020 நவம்பர் நிவர். 2022 டிசம்பரில் மாண்டஸ், அதுவும் மாமல்லபுரத்திலேயே கரையைக் கடந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம். 2024 நவம்பர் 30 பெஞ்சல். சென்னை, காஞ்சிபுரம் பகுதியின் வருடாந்திர மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழைதான் என்பது ஐந்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் போட்டி வைத்துவிட்டு மழை ‘எதிர்பாராமல்’ வந்துவிட்டது என்று சொல்பவர், மாமியார் வீட்டுக்குப் போய் மாமியாரைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தவர் மாதிரி.

அரசாங்கமே நடத்த நினைத்த பார்முலா 4 கார் பந்தயம் என்ன ஆயிற்று? 2023 டிசம்பர் 9, 10 என்று தேதி குறித்தார்கள். மிக்ஜாம் வந்தது. பந்தயம் கடைசியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில்தான் நடந்தது. அவ்வளவு பெரிய ஏற்பாட்டையே நகர்த்த முடிகிறது. இருநூறு பேர் ஓடும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தை நகர்த்த முடியாதாம்.

இப்போது சட்டம். பி.காம். படிக்கிற யாரும் வணிகச் சட்டத்தில் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ஐத் தாண்டாமல் தப்ப முடியாது. அதில் பிரிவு 56, செய்ய முடியாமல் போய்விட்ட ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது. பிரிவு 65, அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் ஒருவர் அடைந்த பலனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவுக்குக் கீழேயே ஒரு உதாரணம் வரும். ஒரு பாடகர் கச்சேரிக்கு 1,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார். உடம்பு சரியில்லாமல் பாட முடியவில்லை. கச்சேரி நடந்திருந்தால் கிடைத்திருக்கும் லாபத்தை அவர் ஈடுகட்ட வேண்டாம். ஆனால் வாங்கிய 1,000 ரூபாயைத் திருப்பித் தந்தாக வேண்டும். பாடகர் வேண்டுமென்றா காய்ச்சலை வரவழைத்துக்கொண்டார்? அவர் மேல் தப்பே இல்லை. இருந்தும் காசு திரும்பணும். 1872-ல் வெள்ளைக்காரனுக்குப் புரிந்த விஷயம் இன்றைக்கு ஃபிளெக்ஸ் அடிக்கிறவருக்குப் புரியவில்லை.

“அதான் முன்னாடியே நிபந்தனை போட்டிருக்கோமே, டிக் அடிச்சுட்டுத்தானே காசு கட்டுனீங்க” என்று ஒரு பதில் வரும். வலுவான பதில்தான், மறுக்க வேண்டாம். இப்படி ஆனால் இப்படி என்று முன்கூட்டியே பேசிவைத்த ஒப்பந்தத்தில் பிரிவு 56 அவ்வளவு எளிதாக உதவிக்கு வராது. ஆனால் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ஒரு புது வகை இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமாக எழுதிவைத்த நிபந்தனையைக் கேள்வி கேட்கலாம். கொடுமை என்னவென்றால், அந்தக் கேள்வியை மாவட்ட ஆணையத்தில் கேட்க முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்காக உத்திரமேரூரிலிருந்து சென்னைக்கு எத்தனை முறை பஸ் ஏறுவது? இது ஏற்பாட்டாளர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆயிரம் பேரிடம் ஐந்நூறு ஐந்நூறாக எடுத்தால் யாருமே கேஸ் போடமாட்டார்கள். ஒரே ஆளிடம் ஐந்து லட்சம் எடுத்துப் பார்க்கட்டுமே!

கணக்குப்பதிவியல் பார்வையில் இது இன்னும் கேவலமாக இருக்கிறது. நிகழ்ச்சிக்கு முன்னால் வாங்கும் பணம் வருமானமே அல்ல, பொறுப்பு. இருப்புநிலைக் குறிப்பில் கடன் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டிய தொகை. கணக்குத் தணிக்கையாளர் கழகத்தின் ஒன்பதாவது கணக்கு நெறியே, இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளின் அனுமதிக் கட்டணத்தை நிகழ்ச்சி நடக்கும்போதுதான் வருமானமாகக் காட்ட வேண்டும் என்கிறது. நடக்கவே நடக்காத நிகழ்ச்சிக்கு?

வெளிநாட்டில் மட்டும் எல்லாம் ஒழுங்கா என்றால், இல்லை. 2020-ல் கொரோனாவால் டோக்கியோ மராத்தானில் சுமார் 38,000 சாதாரண ஓட்டக்காரர்களை ‘வராதீர்கள்’ என்றார்கள். கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை. அடுத்த வருடம் இடம் உண்டு, ஆனால் மறுபடி காசு கட்டு என்றார்கள். 2012-ல் சாண்டி புயலுக்குப் பிறகு நியூயார்க் மராத்தானை ரத்து செய்தபோது அந்த அமைப்பு கொஞ்சம் இறங்கி வந்தது. முழுப் பணம் வாபஸ், அல்லது அடுத்த மூன்று வருடங்களில் ஒன்றில் உறுதியான இடம், அல்லது அரை மராத்தானில் இடம் என்று மூன்று வழி கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை, அவ்வளவு கூச்சல் எழுந்தது. இங்கே கூச்சல் எழுவதில்லை, அதுதான் வித்தியாசம்.

சரி, முழுப் பணத்தையும் வாபஸ் கொடு என்று சட்டம் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? இங்கேதான் ஒரு சிக்கல். ரத்து செய்தால் கையிலிருந்து லட்ச ரூபாய் போகும் என்று தெரிந்த ஏற்பாட்டாளர், புயலோ மழையோ எப்படியாவது நடத்திவிடப் பார்ப்பார். “லேசான தூறல்தான், எல்லாரும் வாங்க!” என்று விடியற்காலை நாலு மணிக்கு மெசேஜ் அனுப்புவார். கட்டணம் வாபஸ் இல்லையென்றால் ஓடுபவனைத் தண்ணீரில் தள்ளுகிறது. முழுதும் வாபஸ் என்றால் நடத்துபவன் எல்லோரையும் சேர்த்துத் தள்ளுவான். ஆகவே கட்டணத்தை வைத்திருப்பவர் வேறு, போட்டியை நிறுத்துபவர் வேறு என்று இருக்க வேண்டும். வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் போட்டுச் சொல்கிறது. துறைமுகத்தில் 1 முதல் 11 வரை புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். எந்த நிறத்துக்கு, எந்த எண்ணுக்குப் போட்டி ரத்து என்று பதிவு செய்யும் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டால் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. நடத்துபவரின் மனசாட்சிக்கும் அன்றைக்கு லீவு விட்டுவிடலாம்.

பதிவு என்றதும் இன்னொன்று. பதிவுப் படிவம் என்பது காசு வசூலிக்கும் ரசீது என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் உண்மையான வேலை தலையை எண்ணுவது. யார் கிளம்பினார்கள், யார் திரும்பவில்லை என்று தெரிந்துகொள்வது. ஒழுங்கான பாய்மரப் போட்டியில், கரை திரும்பிய ஒவ்வொருவர் பேருக்கும் நேராக ஒரு டிக் விழும் வரை பாதுகாப்புப் படகு கரைக்கு வராது. பதிவும் எண்ணிக்கையும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று 2024 அக்டோபர் 6 அன்று மெரினா காட்டியது. விமானப் படையின் சாகச நிகழ்ச்சி. கட்டணம் இல்லை. லட்சக்கணக்கில் கூட்டம், மண்டையைப் பிளக்கும் வெயில். ஐந்து பேர் உயிரோடு வீடு திரும்பவில்லை. வெயிலும் மோசமான வானிலைதான் என்பது நோட்டீஸ் அடிப்பவர்கள் பலருக்கு இன்னும் தெரியாது. ரத்த வகை, வீட்டுப் போன் நம்பர் என்ற இரண்டு கட்டங்கள் பதிவுப் படிவத்தில் காலியாக இருந்தால் யாரும் கேட்பதில்லை. பணம் கட்டிய விவரம் காலியாக இருந்தால் மட்டும் படிவம் உள்ளே போகாது.

உத்திரமேரூர்க்காரர்கள் இந்த விஷயத்தில் அமைதியாக இருப்பதுதான் வேடிக்கை. பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும், இந்த ஊர்க் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். குடவோலை, குடவோலை என்று எல்லோரும் ஓட்டுப் போட்ட விதத்தையே பேசுவார்கள். அதைவிடக் காரமான விஷயம் தகுதியின்மைப் பட்டியலில் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வாரியத்துக்கு வரவே முடியாது. அவன் மட்டுமா? அவன் நெருங்கிய சொந்தக்காரர்களும் வர முடியாது! ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம், பொன்னைப் பார்த்துக்கொள்ளப் பொன் வாரியம் என்று வேலையைப் பிரித்தும் வைத்திருந்தார்கள். தண்ணீரைப் பற்றி முடிவெடுக்க ஒரு குழு, பணத்தைப் பற்றி முடிவெடுக்க வேறு குழு. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய யோசனை. அந்த விதியை இன்றைக்கு டோர்னமென்ட் கமிட்டிகளுக்குப் போட்டால் ஊருக்கு எத்தனை கமிட்டி மிஞ்சும்? மாப்பிள்ளை, மச்சான் வரைக்கும் வீட்டில்தான் உட்கார வேண்டும்.

“சின்ன கமிட்டி சார், ஸ்பான்சர் கிடையாது, திருப்பிக் குடுத்தா அடுத்த வருஷம் டோர்னமென்ட்டே நடக்காது.” இதுதான் கடைசி ஆயுதம். கொஞ்சம் மனசு இளகத்தான் செய்கிறது. வெயிலில் நின்று பிட்ச் உருட்டும் பையன்கள் யாரும் கோடீஸ்வரர்கள் அல்ல. செலவானதைக் கையிலிருந்து போடு என்று யாரும் கேட்கவும் இல்லை. ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். நாற்பது டீம், ஆளுக்கு ஆயிரம், மொத்தம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். நோட்டீஸ், ஃபிளெக்ஸ் 3,000. பிட்ச் சரிசெய்ய, மேட் வாடகை 6,000. ஷாமியானா, மைக் அட்வான்ஸ் 3,000. கோப்பைகள் 8,000. முதல் நாளே மழை, போட்டி ரத்து. கையில் 20,000 இருக்கிறது. அதை டீமுக்கு 500 என்று அன்றைக்கே பிரித்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். செலவுச் சீட்டை டீக்கடைச் சுவரில் ஒட்டினால் ஒரு கேள்வி வராது. கோப்பைக்குப் போட்ட 8,000 செலவே இல்லை. அது அலமாரியில் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. வணிகவியல்காரன் அதை ‘இறுதிச் சரக்கு’ என்பான். டீமுக்கு 200. அடுத்த வருடம் அதே டீம்கள் வரும்போது அந்த 200-ஐக் கழித்துக்கொண்டு 800 வாங்கினால் தீர்ந்தது.

கோப்பையில் வருடத்தைப் பொறிக்காமல் மட்டும் வாங்கிவைக்கட்டும்.